செவலையின் பசி, காரியின் பயம்

எழுபதுகளின் நடுவில் கால்நடைத் துறையில் உதவியாளனாகச் சேர்ந்தேன். கீழே மலையடிவாரத்துத் தாப்பாவில் கொஞ்ச காலம் வைத்திருந்துவிட்டு என்னை மலைமேல் தானா ராத்தாவுக்கு அனுப்பினார்கள். ஒற்றை அறை அலுவலகம், ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு தோல் பை. தேயிலைத் தோட்டங்களில் மருந்துப் பையோடு வருகிற எவரும் டிரெசர்தான். ஆகவே நான் மாட்டு டிரெசர் ஆனேன்.

சினை ஊசி போடுவது, கன்று ஈனச் சிரமப்படும் பசுவுக்குக் கைகொடுப்பது, வயிறு உப்பினால் மருந்து புகட்டுவது. வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். கோலா தெர்லாவுக்குப் போகும் வடக்குச் சாலையிலிருந்து மேலே பிரியும் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால், மாடு வைத்திருப்பவர்களுக்கென்று வரிசையாகக் கொட்டகைகள் இருந்தன. அங்கேதான் அந்தத் தம்பதியைப் பார்த்தேன்.

அக்கா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். உரத்த குரல், வேகமான நடை. அவர் கணவரை நான் அண்ணன் என்பேன், தொழிற்சாலையில் இலை சுருட்டும் ரோலர் மிஷினில் நின்றவர். நான் அங்கே போவதற்குச் சற்று முன்புதான் அந்த மிஷினில் வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் போயிருந்தன. தோட்டத்தில் அவருக்கு ஏதோ லேசான வேலை கொடுத்திருந்தார்கள். அதை முடித்துவிட்டு நேராகக் கொட்டகைக்கு வந்துவிடுவார். யாரோடும் பேச மாட்டார். கேட்டால் தலையசைப்பார். அந்தக் கையைச் சட்டைப் பையிலோ முதுகுக்குப் பின்னாலோ வைத்துக்கொள்வார். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அவர்கள் கீழே இருந்து இரண்டு கிடாரிகளை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்று செவலை, இன்னொன்று கருப்பு. கருப்பை அவர்கள் காரி என்றார்கள். ஒரே காளைக்குப் பிறந்தவை, வயதிலும் அதிக வித்தியாசம் இல்லை. புது மாடுகளைப் பதிந்துகொள்ள நான் போன அன்று, செவலை கழுத்தை நீட்டி என் பையை முகர்ந்தது, சட்டை முனையை வாயில் கவ்வி இழுத்தது. காரி கொட்டகை மூலையில் சுவரோடு ஒட்டி நின்றது. நான் கிட்டே போனதும் அசையவில்லை. தொட்டேன், அப்போதும் அசையவில்லை.

"இது ரொம்ப சாது லா" என்றார் அக்கா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். வழக்கமான சோதனைக்காக ஸ்டெதஸ்கோப்பை அதன் இடது முன்னங்காலுக்குப் பின்னால் வைத்தேன். உள்ளே இதயம் ஓட்டப்பந்தயத்தில் ஓடி வந்ததைப் போல அடித்துக்கொண்டிருந்தது. வெளியே ஒரு ரோமம்கூட அசையவில்லை. பக்கத்தில் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்த செவலையின் நெஞ்சிலும் வைத்துப் பார்த்தேன். அங்கே நிதானமான, கனத்த துடிப்பு.

அதுவரை ஒரு பிராணியின் குணத்தை அதன் கால்களையும் காதுகளையும் பார்த்தே எடை போட்டு வந்தவன் நான். முரண்டு பிடித்தால் பொல்லாதது, அடங்கி நின்றால் சாது. காரி சாதுவாக நிற்கவில்லை, பயத்தில் உறைந்து நிற்கிறது என்பது அன்று காதில் கேட்டது. அக்காவிடம் சொன்னேன். அவர் நம்பாமல் குழாய்களை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மலைக்குளிர் இரண்டையும் மாற்றியது. கீழ்நாட்டில் வழவழவென்றிருந்த தோலில் சில மாதங்களில் அடர்த்தியாக ரோமம் வளர்ந்தது. தீனியும் கூடியது, குளிரில் உடம்பைச் சூடாக வைத்திருக்க அது தேவை. ஆனால் செவலை தின்பதற்கும் காரி தின்பதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒரே தொட்டியில் தவிடு வைத்தால் செவலை முதலில் தன் பங்கை முடித்து, பிறகு காரியைத் தோளால் தள்ளிவிட்டு அதன் பங்கிலும் வாய் வைக்கும். காரி பின்வாங்கி நின்று பார்க்கும். அண்ணன் பிறகு தொட்டியைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தார்.

செவலை சீக்கிரமே பருவத்துக்கு வந்தது. அவ்வளவு இளசாக ஒரு கிடாரி சினைக்குக் கத்தி நான் பார்த்ததில்லை. எலும்பு இன்னும் முழுதாக முற்றவில்லை என்று எனக்குச் சந்தேகம். ஆனால் நன்றாகத் தின்று தேறிய உடம்பு, ஊசி போட்டதும் முதல் தடவையே பிடித்துக்கொண்டது. தலைச்சன் கன்றை நல்லபடியாக ஈன்று, பாலும் ஊற்றாய்க் கொடுத்தது. தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய், அந்தப் பாலில் போடும் தேநீருக்குத் தனியாக ஆள் வருகிறார்கள் என்று சொல்லுவார். லைனில் எல்லாரும் செவலையைப் பற்றித்தான் பேசினார்கள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

சிரமமும் செவலையால்தான் வந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவது அதன் வழக்கமாகிவிட்டது. மலைச்சரிவில் இறங்கிக் கோலா தெர்லா காய்கறித் தோட்டங்களுக்குள் புகுந்து கோஸ் பாத்திகளை மேய்ந்துவிடும். தோட்டக்காரச் சீனர் ஒருவர் அதைத் தன் பம்புக் கொட்டகையில் கட்டி வைத்துவிட்டு ஆள் அனுப்புவார். அக்கா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போய், பாதி மலாயும் பாதி கையசைப்புமாக மன்னிப்புக் கேட்டு ஓட்டிக்கொண்டு வருவார். திமிர் பிடித்த மாடு என்று பேர் வந்தது.

சில வருடங்கள் தொடர்ந்து பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. பால் வற்றி, அடுத்த கன்றுக்குக் காத்திருக்கும் மாதங்களில் செவலை எங்கேயும் ஓடியதில்லை. கட்டிய இடத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கன்று ஈன்று மடி நிறையத் தொடங்கியதும் மறுபடி கயிறு அறுந்தது. திமிர் என்று நாங்கள் சொன்னதில் பாதி பசி. மடி அதன் உடம்பிலிருந்து இழுத்துக்கொண்டே இருந்தது; இழுத்ததை ஈடுகட்ட வாய் அலைந்தது; வாய்க்குப் பின்னால் கால்கள் போயின. துணிச்சல் பாலைக் கொடுத்ததா, பால் துணிச்சலைக் கொடுத்ததா என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியாது. கிடாரியாக, மடி என்பதே இல்லாத காலத்திலும் அது என் சட்டையை இழுத்ததே.

காரி அந்த வருடங்களிலெல்லாம் பருவத்துக்கே வரவில்லை. வந்திருந்தாலும் கத்தவில்லை, காட்டிக்கொள்ளவில்லை. பசுக்களில் சிலவற்றுக்குப் பருவம் அப்படி ஊமையாக வந்து போய்விடும். கவனிக்காமல் விட்டால் அந்தச் சுற்று போனதுதான். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. கசாப்புக்காரனிடம் தள்ளிவிட்டு வேறு வாங்கலாம் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அப்போது அண்ணன் வாயைத் திறந்தார். அவர் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அது இருக்கட்டும். அதுக்கு நான் புல்லறுத்துப் போடுறேன்."

அக்கா அவரையே பார்த்தார். பிறகு விற்கும் பேச்சு எழவில்லை.

கீழேயிருந்து எங்கள் டாக்டர் ஒரு தடவை மேலே வந்தபோது அவரிடம் காரியைக் காட்டினேன். கை விட்டுப் பார்த்துவிட்டு, கருப்பையில் கோளாறு எதுவும் இல்லை என்றார். எப்போதும் பயந்துகொண்டே இருக்கிற உடம்பு, இப்போது கன்று போடும் நேரமில்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும். இடத்தை மாற்றாதீர்கள், ஆளை மாற்றாதீர்கள், பொறுத்திருங்கள் என்றார். அதற்கு ஊசி ஏதும் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் அந்த ஊசிக்கும் அது பயப்படுமே என்று சிரித்தார்.

அண்ணன் புல்லறுத்துப் போட்டார். காலையிலும் மாலையிலும் அவர்தான் காரியைத் தேய்த்துவிட்டார். பேச்சில்லாத மனிதர், சத்தமில்லாத மாடு. ஒரு நாள் அவர் காரியின் கழுத்தில் அந்த மூன்று விரல் கையை வைத்திருந்தபோது நான் மெதுவாகப் போய் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். முதலில் பழைய ஓட்டம்தான். அவர் கையை எடுக்காமல் நின்றார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. அவரிடம் கேட்கச் சொல்லிக் குழாயைக் கொடுத்தேன். அதை மாட்டிக்கொள்ள அவர் அந்தக் கையை என் முன்னால் நீட்டினார், மறைக்கவில்லை. இருவருமே அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒருவழியாகப் பருவம் வந்து, சினை பிடித்து, செவலை மூன்றாவது கன்றைப் போடும் காலத்தில் காரி தன் தலைச்சனை ஈன்றது. அதுவும் ஒரு கூத்து. கன்றுக்குப் பால் இறக்கிக் கொடுத்தது. அக்கா கறக்கப் போனால் ஒரு சொட்டும் வரவில்லை. மடி கல் மாதிரி இருக்கிறது, பாலை அடக்கிக்கொண்டுவிட்டது. லைன் ஜனங்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். பால் இறங்குவதற்கான ஊசி என் பையில் இருந்தது, போட்டேன், இறங்கியது. மறுநாள் என்னைக் கண்டதுமே மறுபடி அடக்கிக்கொண்டது. பால் சுரந்து மடியில் இருப்பது வேறு, அது காம்புக்கு இறங்கி வருவது வேறு. இறங்கச் சொல்லும் உத்தரவு தலையிலிருந்து ரத்தத்தில் வர வேண்டும். பயம் வந்தால் அந்த உத்தரவு தடைபடும். பாடமாகப் படித்திருந்தேன். ஒரு கொட்டகைக்குள் நின்று பார்த்தது அப்போதுதான்.

அக்காவிடம், அண்ணன் கறந்து பார்க்கட்டும் என்றேன்.

"அந்தக் கைய வச்சுக்கிட்டா?" என்றார். சொன்ன பிறகு முகம் மாறிவிட்டது.

அண்ணன் வாளியை எடுத்துக்கொண்டார். எங்களை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நாங்கள் கொட்டகைக்கு வெளியே தகரச் சுவரோரம் தூறலில் நின்றோம். உள்ளே நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு வாளியின் அடியில் பால் விழும் ஓசை. முதலில் மெலிந்த கீச்சு, பிறகு நிறைய நிறையக் கனத்த சத்தம். இடது கையின் தாளம் ஒரு மாதிரி, வலது கையின் தாளம் இன்னொரு மாதிரி, நொண்டுகிறவரின் நடை போல. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் நின்றார்.

காரியின் பால் செவலையினுடையதில் பாதிகூட வராது. ஆனாலும் அன்றிலிருந்து அண்ணன் கறவைக்காரர் ஆனார். பாலை டவுனுக்கு எடுத்துப் போவதும் அவர் வேலையானது. பாய் கடையில் நின்று இரண்டு வார்த்தை பேசுவார் என்று கேள்விப்பட்டேன்.

காரி போல் இருப்பதுதான் நல்லது என்று சொல்ல வரவில்லை. ஒரு வருடக் கடைசியில் மழை விடாமல் பெய்து, சாலை சரிந்து, தவிட்டு லோரி மேலே வராமல் நின்றுபோனது. புல்லும் அழுகியது. செவலை வழக்கம்போலக் கயிற்றை அறுத்துக்கொண்டு போய், காய்கறித் தோட்டங்களில் ஒதுக்கிக் கொட்டியிருந்த கோஸ் இலைகளைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டது. இந்தத் தடவை சீனரும் விரட்டவில்லை, எப்படியும் அழுகப் போகிறதுதானே என்றாராம். காரியைக் கயிறு அவிழ்த்து வாசலில் விட்டாலும் போகவில்லை. போட்டதைத் தின்று, போடாதபோது நின்று, விலா எலும்பு தெரிய இளைத்துவிட்டது. வயிற்றில் அப்போது பிடித்திருந்த கன்று கலைந்து விழுந்தது. கஷ்டகாலத்தில் செவலையின் குணம் அதைக் காப்பாற்றியது, காரியின் குணம் அதை வாட்டியது. இரண்டும் ஏன் உலகத்தில் இருக்கின்றன என்பதற்கு எனக்குக் கிடைத்த விளக்கம் இதுதான். எந்த வருடம் எப்படி வரும் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த ஈற்றில் செவலை விழுந்தது. கன்று ஈன்ற மறுநாள் காலை எழுந்திருக்க முடியவில்லை என்று ஆள் வந்தது. போய்ப் பார்த்தபோது தலையை விலாப்பக்கம் மடித்துப் போட்டுக்கொண்டு கிடந்தது. காது ஜில்லிட்டிருந்தது. கண் பார்த்தும் பார்க்காத மாதிரி. பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துபோகும். மடிக்குள் திடீரென்று அவ்வளவு பால் பாய்கிறபோது ரத்தத்திலிருக்கும் சுண்ணாம்புச் சத்தெல்லாம் அதோடு போய்விடும். எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்ட உடம்புக்கு நேரம் போதாது. அதிகம் கொடுக்கிற பசுவுக்குத்தான் இது வரும்.

கால்சியம் மருந்துப் புட்டியை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, கழுத்து நரம்பில் மெல்ல ஏற்றினேன். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும், ஆகவே ஒரு காதை அதன் நெஞ்சிலேயே வைத்திருந்தேன். அக்கா அதன் தலையை மடியில் தாங்கியிருந்தார். புட்டி முடியும் முன்பே தொடையில் நடுக்கம் வந்தது. ஏப்பம் விட்டது. சாணி போட்டது. பிறகு முன்னங்காலை ஊன்றி, தள்ளாடி, எழுந்து நின்றுவிட்டது. நின்றதும் முதல் காரியமாகத் தொட்டியில் வாயை வைத்தது. அக்கா அழுதுகொண்டே சிரித்தார். மரணத்திலிருந்து ஒன்றை இவ்வளவு கண்கூடாகத் திருப்பிக் கொண்டுவருவது என் தொழிலில் வேறு எதிலும் இல்லை.

ஒரு தடவை வந்தால் மறுபடி வரும், ஆகவே ஒரு வருடமாவது சினைக்கு விடாமல் ஓய்வு கொடுங்கள் என்று சொன்னேன். இருவரும் சரியென்றார்கள், சொன்னபடி நடந்தும்கொண்டார்கள். செவலைதான் கேட்கவில்லை. பருவம் வந்த அன்று கயிறு, வேலி, ஓடை எல்லாவற்றையும் தாண்டி, கீழே ஒரு குடியிருப்பில் காளை வைத்திருந்தவரின் கொட்டகைக்குப் போய்விட்டது. அக்கா தேடிப் போனபோது எல்லாம் முடிந்து, அங்கே போட்ட வைக்கோலைத் தின்றுகொண்டிருந்ததாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் கடைசிக் கன்று பிறந்தது. ஈனும் நாளை நெருங்கும்போதே மருந்தோடு அங்கே அடிக்கடி போய்ப் பார்த்துவந்தேன். ஈன்ற அன்று பெருமழை. பாதி வழியில் மண்சரிந்து சாலை அடைபட்டிருந்தது. மோட்டார் சைக்கிளைச் சீனக் கடை ஒன்றில் நிறுத்திவிட்டு, பையைத் தலையில் வைத்துச் சேற்றில் ஏறி நடந்தேன். பிற்பகலில் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது பால் காய்ச்சலில் செவலையின் மூச்சு அடங்கிவிட்டிருந்தது. பக்கத்தில் ஈரம் காயாத கிடாரிக் கன்று எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தது.

அக்கா என்னை உட்காரச் சொல்லி, துண்டு கொடுத்து, தேநீர் வைத்தார். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். சாலை, மழை என்று.

"விடுங்க தம்பி" என்றார். "அவ எதையும் மிச்சம் வச்சுக்கல. தனக்குன்னு வச்சுக்கத் தெரியாது அவளுக்கு."

அண்ணன் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

தாயில்லாத கன்றைக் காரியிடம் விட்டுப் பார்த்தோம். அப்போது அதற்கும் பால் இருந்தது. கதையாக இருந்தால் காரி அதை நக்கிக் கொடுத்திருக்கும். இது உதைத்தது. அது தன் கன்று இல்லை என்பதை முகர்ந்ததுமே தெரிந்துகொண்டது, அவ்வளவுதான். கன்று ஈன்ற உடனே ஒரு கதவு திறந்து, கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ளும். அதற்குள் எந்த வாசனை உள்ளே போகிறதோ அதுதான் பிள்ளை. காரிக்கு அந்தக் கதவு எப்போதோ மூடியிருந்தது. அண்ணன் காரியின் பாலையே கறந்து, விரலைச் சப்பக் கொடுத்து, வாளியில் குடிக்கப் பழக்கினார்.

பிறகு அவர்கள் தோட்டத்தை விட்டு, அதே மலையில் லெம்பா பெர்த்தாமுக்குப் போனார்கள். உறவினர் ஒருவரோடு சேர்ந்து கொஞ்சம் நிலத்தில் காய்கறியும் பூவும் போட்டார்கள். காரியும் அந்தக் கிடாரியும் கூடவே போயின. கீழ்நாட்டுக்கு எனக்கு மாற்றல் வந்த வருடம், சொல்லிக்கொள்ளப் போனேன். காரிக்கு வயதாகியிருந்தது. ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் கன்று போட்டுக்கொண்டு, கொஞ்சமாகக் கறந்துகொண்டு இருந்தது. அண்ணன் பாத்திக்கு நடுவில் நின்று ஒரு லோரிக்காரரோடு சத்தமாகத் தர்க்கம் செய்துகொண்டிருந்தார். அது அவர்தானா என்று எனக்கு ஒரு கணம் சந்தேகம்.

கிடாரி நன்றாக வளர்ந்திருந்தது. தாயின் நிறம். என்னைக் கண்டு ஓடவும் இல்லை, கிட்ட வரவும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. இது அம்மா மாதிரியா என்று அக்காவிடம் கேட்டேன்.

"தெரியல தம்பி. தின்னுறதுல அவளப் போலத்தான். ஆனா கயிறு இன்னும் அறுக்கல."

பருவத்துக்கு வந்துவிட்டதாகவும், ஏற்கனவே இரண்டு தடவை கத்தியதாகவும் சொன்னார். என் பையில் எப்போதும் போலச் சினை ஊசிச் சாமான் இருந்தது, ஆனால் அன்று அதற்குப் பருவம் இல்லை. அடுத்த தடவை கத்தும்போது புதிதாக வரப்போகும் டிரெசரிடம் சொல்லி ஊசி போடச் சொல்லட்டுமா என்றேன்.

அக்கா கிடாரியின் இடுப்பெலும்பில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அவர் இன்னும் லோரிக்காரரோடுதான் இருந்தார்.

"வேணாம். இவ கொஞ்சம் வளரட்டும்" என்றார். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

பிறகு எனக்குக் கொடுத்தனுப்பப் பூ வெட்டுவதற்காகக் கத்தியை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார்.